‘நோ புவேதே செர்’ பாடலின் சொரோசாபல்: அவர் யார், தடை செய்யப்பட்டவரா, எந்தப் பதிவைக் கேட்பது?

உங்கள் கேள்வியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 1990-ல் ரோமில் மூன்று டெனர்கள் (உச்சக் குரல் ஆண் பாடகர்கள்) பாடிய கச்சேரியில் பிளாசிடோ டொமிங்கோ பாடிய ‘நோ புவேதே செர்’ பாட்டைக் கேட்டு அசந்துபோயிருக்கிறீர்கள். இசையமைப்பாளர் பெயர் சொரோசாபல் என்று போட்டிருந்தது. ஓபரா பற்றிய புத்தகங்களில் தேடினால் வெர்டி இருக்கிறார், புச்சினி இருக்கிறார், இவரைக் காணோம். போதாக்குறைக்கு ஓரிடத்தில், ஸ்பெயினின் சர்வாதிகாரி ‘ஃபிராங்கோ தடை செய்த இசையமைப்பாளர்’ என்று வேறு படித்துவிட்டீர்கள். யார் இவர், அந்தத் தடை உண்மையா, எந்தப் பதிவை வாங்கலாம் என்று மூன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அது ஒரே கேள்வியாகத்தான் படுகிறது: இவ்வளவு நல்ல பாட்டுக்குப் பின்னால் இருந்த நாடகமும் மனிதரும் எங்கே போனார்கள்?

நான் இசை ஆய்வாளன் இல்லை. வேலைக்காக ஆறு வருடம் மாட்ரிடில் இருந்தபோது ஒரு அமெச்சூர் சேர்ந்திசைக் குழுவில் டெனர் வரிசையில் நின்று பாடியவன். ஞாயிற்றுக்கிழமைகளில் எல் ராஸ்த்ரோ பழைய பொருள் சந்தையில் இசைத்தட்டுக் குவியல்களைக் கிளறி, கிடைத்ததை எல்லாம் வாங்கிச் சேர்த்தவன். ஸ்பானிஷ் தெரியும், பாஸ்க் மொழி தெரியாது. கீழே எது ஊரறிந்த தகவல், எது என் காது சொல்வது என்று பிரித்துச் சொல்லப் பார்க்கிறேன்.

இவரை ஓபரா பட்டியலில் காணாததற்குக் காரணம் எளிமையானது. இவர் எழுதியது பெரும்பாலும் ஓபரா இல்லை, சார்சுவெலா. மாட்ரிட்காரர்கள் வாயில் அது ஏறக்குறைய ‘தார்துவேலா’ என்று வரும். மாட்ரிடுக்கு வெளியே முட்புதர்க் காட்டுக்குள் இருந்த ஓர் அரச மாளிகையின் பெயர் அது. 17-ஆம் நூற்றாண்டில் அங்கே நடந்த இசை நாடகங்களுக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. பாட்டும் பேச்சு வசனமும் மாறி மாறி வரும், நகைச்சுவைக்கென்று ஒரு ஜோடி இருக்கும், தெருப்பேச்சு மேடை ஏறும். 19-ஆம் நூற்றாண்டில் இது ஸ்பெயினின் வெகுஜனக் கலையாக வளர்ந்தது. 1856-ல் மாட்ரிடில் இதற்கென்றே ஓர் அரங்கம் கட்டினார்கள், அது இன்றும் நடக்கிறது. ஒரு மணி நேரத்தில் முடிகிற குட்டி சார்சுவெலாக்களும் உண்டு, இரண்டு மூன்று அங்கங்களில் நீள்கிற பெரியவையும் உண்டு. வசனம் முழுக்க ஸ்பானிஷில், அதுவும் பேட்டைப் பேச்சில் இருந்ததால் ஸ்பானிஷ் பேசாத நாடுகளின் அரங்குகளுக்கு இது அதிகம் போகவில்லை. இத்தாலியப் பாட்டைப் புரியாமலே கேட்டு ரசிக்கலாம். ஆனால் பாதி நேரம் பேச்சாக ஓடும் நாடகத்தைப் புரியாமல் எத்தனை நேரம் பார்ப்பது?

பாப்லோ சொரோசாபல் 1897 செப்டம்பர் 18-ல் சான் செபாஸ்டியனில் பிறந்தார். வடக்கு ஸ்பெயினின் பாஸ்க் நாட்டுக் கடலோர ஊர் அது. எளிய குடும்பம். சிறுவயதில் ஊரின் புகழ்பெற்ற சேர்ந்திசைக் குழுவான ஓர்ஃபெயோன் தொனோஸ்தியார்ராவில் பாடினார், வயலின் கற்றார், ஊர் கசினோவின் ஆர்கெஸ்ட்ராவில் கூலிக்கு வாசித்தார். 1919 வாக்கில் மாட்ரிடுக்குப் போய் அங்கிருந்த ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவில் வயலின் வரிசையில் உட்கார்ந்தார். 1920-ல் சான் செபாஸ்டியன் நகரசபை கொடுத்த உதவித்தொகையோடு ஜெர்மனிக்குக் கிளம்பினார். லைப்சிக்கில் ஸ்டெஃபான் கிரேலிடம், பிறகு பெர்லினில் ஃப்ரீட்ரிஷ் கோஹிடம் பாடம். ஆர்கெஸ்ட்ராவை நடத்தக் கற்றுக்கொண்டதும் அங்கேதான். இந்த ஜெர்மன் ஆண்டுகளை லேசாகத் தாண்டிவிடாதீர்கள், பின்னால் இதற்கு வேலை இருக்கிறது. பாஸ்க் மொழியில் பெயர்த்த ஜெர்மன் கவிஞர் ஹைன்ரிஷ் ஹைனேயின் கவிதைகளுக்கு அவர் அமைத்த ஏழு பாடல்களும் (1929) அந்தக் காலத்தவைதான். ஜெர்மன் கவிதை, பாஸ்க் மொழி, ஸ்பானிஷ் தொழில் என்று மூன்றும் ஒரே ஆளுக்குள் சேர்ந்து இருந்தன.

பணத்துக்காகவும்தான் சார்சுவெலா பக்கம் வந்தார். 1931 ஜனவரி 27-ல் பார்சிலோனாவில் ‘கத்யூஸ்கா’ மேடையேறியது. உக்ரைன் கிராமத்துச் சத்திரம், ரஷ்யப் புரட்சிக் காலம், தப்பி ஓடும் இளவரசன், அவனைத் தேடி வரும் சோவியத் கமிசார் (புரட்சி அரசின் அதிகாரி), அந்தக் கமிசாரும் கத்யூஸ்கா என்ற பெண்ணும் கொள்ளும் காதல். மூன்று மாதம்கூட ஆகவில்லை, ஏப்ரல் 14-ல் ஸ்பெயினில் மன்னராட்சி போய்க் குடியரசு வந்துவிட்டது. நாடகம் எவ்வளவு பரவியது என்பதற்கு ஒரு சின்னச் சாட்சி: மழைக்காலத்தில் போடும் முழங்கால் உயர ரப்பர் பூட்ஸுக்கு ஸ்பெயினில் இன்றும் ‘கத்யூஸ்காஸ்’ என்றுதான் பெயர். நாயகியின் பூட்ஸ் தெருவில் வந்து நின்றுவிட்டது. அங்கே செருப்புக் கடையில் அந்தச் சொல்லைக் கேட்டபோது ஏதோ ரஷ்யக் கம்பெனிப் பெயர் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன்.

அடுத்த ஐந்தாண்டுகள்தான் அவருடைய பொற்காலம் என்பேன். 1933-ல் ‘அதியோஸ் ஆ லா போயேமியா’ வந்தது. நாவலாசிரியர் பியோ பரோஹா எழுதிய வரிகளுக்கு இசையமைத்த ஒற்றை அங்க நாடகம். மாட்ரிட் காப்பிக்கடை ஒன்றில் தோற்றுப்போன ஓர் ஓவியனும் அவனுடைய பழைய காதலியும் சந்தித்துப் பேசிப் பிரிகிறார்கள், கதை அவ்வளவுதான். ஆனால் அந்த மேசையைச் சுற்றி ஒரு தலைமுறையின் களைப்பு முழுவதும் உட்கார்ந்திருக்கிறது. இதற்கு அவரே வைத்த பெயர் ‘குட்டி ஓபரா’.

1934-ல் ‘லா தெல் மனோஹோ தெ ரோசாஸ்’. ‘ரோஜாக்கொத்துக்காரி’ என்று சொல்லலாம். பெயரே ஒரு குறிப்பு. ருபெர்தோ சாபியின் ‘லா ரெவோல்தோசா’ என்ற பழைய சார்சுவெலாவின் காதல் ஜோடிப் பாட்டில் நாயகியை அழைக்கும் சொற்கள் அவை. அந்த நாடகம் வந்த ஆண்டு 1897, சொரோசாபல் பிறந்த வருடம். தாத்தா காலத்துப் பாட்டில் ஒரு வரியை எடுத்து, 1930-களின் மாட்ரிடில் பூக்கடை வைத்திருக்கும் பெண் மேல் போர்த்திவிட்டார். அவளைச் சுற்றி வருகிறவர்கள் ஒரு மெக்கானிக்கும் ஒரு விமானியும். பெண்ணோ, ‘உழைத்துச் சாப்பிடுகிறவனைத்தான் கட்டிக்கொள்வேன்’ என்கிற ரகம். மெக்கானிக் உண்மையில் பணக்கார வீட்டுப் பையன் என்பது பிறகு வெளியே வரும். இசையிலும் அதே கலவை. பழைய மாட்ரிடின் பாசோதோப்ளேயும் ஹபனேராவும் இருக்கும், பக்கத்திலேயே நடன அரங்கின் ஃபாக்ஸ்ட்ராட்டும் இருக்கும். பழசைக் கேலி செய்யாமல் புதுசை உள்ளே விட்டிருக்கிறார், அதுதான் சாமர்த்தியம்.

அப்புறம் உங்கள் பாட்டு வரும் நாடகம், ‘லா தபெர்னேரா தெல் புவெர்தோ’, துறைமுகத்துச் சாராயக்கடைக்காரி. 1936 மே 6-ல் பார்சிலோனாவின் திவோலி அரங்கில் முதல் காட்சி. வசனமும் பாட்டும் எழுதியவர்கள் ஃபெதெரிக்கோ ரோமெரோ, கியெர்மோ ஃபெர்னாந்தெஸ் ஷா என்ற இரட்டையர். கந்தாப்ரேதா என்ற கற்பனைத் துறைமுகம், ஸ்பெயினின் வடகடல் ஓரம். மரோலா என்ற அழகி சாராயக்கடை நடத்துகிறாள். ஊர் ஆண்கள் எல்லாம் அங்கேயே கிடக்கிறார்கள், ஊர்ப் பெண்கள் எல்லாம் அவளைத் தூற்றுகிறார்கள். ஹுவான் தெ எகியா என்ற முரட்டுக் கடலோடி அவளுடைய புருஷன் என்று ஊர் நம்புகிறது. அவன் ஒரு போதைப்பொருள் மூட்டையைக் கரைக்குக் கொண்டுவர லெயாந்த்ரோ என்ற இளம் மீனவனைப் பயன்படுத்தப் பார்க்கிறான். லெயாந்த்ரோவுக்கோ மரோலா மேல் உயிர். எகியா அவளுக்குப் புருஷன் இல்லை, தகப்பன் என்று தெரியவரும்போது நாடகம் புரள்கிறது.

இப்போது ‘நோ புவேதே செர்’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ‘இருக்கவே முடியாது’ என்று அர்த்தம். மரோலாவைப் பற்றி ஊரார் சொன்ன அழுக்கெல்லாம் காதில் விழுந்தபின் லெயாந்த்ரோ தனக்குத் தானே பேசிக்கொள்வது இது. கச்சேரி மேடையில் இதைக் காதலின் வெற்றி முழக்கம் போலப் பாடுகிறார்கள். நாடகத்துக்குள் கேட்டால் இது சந்தேகம் அரித்துக்கொண்டிருக்கும் ஒருவன், அதை ஒப்புக்கொள்ள மறுத்துப் போடும் சத்தம். அவள் அப்படிப்பட்டவள் இல்லை, அழுததைக் கண்ணால் பார்த்தேன் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறான். நிச்சயமாகத் தெரிந்தவன் அதை ஏன் இத்தனை முறை சொல்ல வேண்டும்? மெட்டின் ஏறுமுகம் ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் மேலே போய்த்தான் ஆறுகிறது. சமாதானம் தேடித் தேடி ஏறும் குரல் அது. அடியில் ஆர்கெஸ்ட்ரா வெறுமனே தாளம் போட்டுக்கொண்டிருக்கவில்லை, கூடவே கலங்குகிறது. ஜெர்மன் ஆண்டுகளைத் தாண்டாதீர்கள் என்றேனே, அது இதற்குத்தான். சார்சுவெலாவில் இனிய ராகம் போட்ட ஆட்கள் நிறைய. பாடுகிறவன் சொல்லாததை ஆர்கெஸ்ட்ராவைச் சொல்லவைத்தவர்கள் குறைவு. மூன்றாம் அங்கத்தில் நடுக்கடலில் வரும் புயலைக் கேளுங்கள், நான் சொல்வது புரியும்.

டொமிங்கோ ஏன் இந்தப் பாட்டைத் தேர்ந்தெடுத்தார் என்றும் கேட்டிருந்தீர்கள். அவர் மனத்தில் என்ன இருந்தது என்று நான் ஊகிக்கப் போவதில்லை. குடும்பப் பின்னணி மட்டும் தெரிந்ததுதான். அப்பா, அம்மா இருவருமே சார்சுவெலாக் கலைஞர்கள். அம்மா பெபீத்தா எம்பில் பிறந்தது கெத்தாரியாவில், சொரோசாபலின் ஊருக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர். 1940-களில் சார்சுவெலாக் குழுவோடு மெக்சிக்கோ போய் அங்கேயே தங்கிவிட்ட குடும்பம். பையன் வளர்ந்தது இந்தப் பாட்டுகளுக்கு நடுவில். 1990 ஜூலை 7 அன்று, உலகக்கோப்பைக் கால்பந்து இறுதியாட்டத்துக்கு முந்தைய இரவில், கரகல்லா குளியல் மாடங்களின் இடிபாடுகளுக்கு நடுவே சுபின் மேத்தா ஆர்கெஸ்ட்ராவை நடத்த அவர் இதைப் பாடினார். அந்த இசைத்தட்டு செவ்வியல் இசை விற்பனையில் சாதனை படைத்தது. சொரோசாபல் இறந்தது 1988 டிசம்பர் 26-ல். ஒன்றரை வருட இடைவெளியில் அதைத் தவறவிட்டுவிட்டார்.

சரி, தடை விஷயம். ‘தபெர்னேரா’ மேடையேறிப் பதினோரு வாரம்கூட ஆகவில்லை, உள்நாட்டுப் போர் வெடித்தது. சொரோசாபல் ஃபிராங்கோவுக்கு எதிராகக் குடியரசின் பக்கம் நின்றார். 1936-ல் மாட்ரிட் நகரசபை பேண்டுக்கு இயக்குநராக இருந்தார். போர்க்காலத்தில் அந்த பேண்டைக் கூட்டிக்கொண்டு குடியரசுப் பகுதிகளில் கச்சேரிகள் செய்தார். ஃபிராங்கோ வென்றதும் அந்தப் பதவி போனது. பலரைப் போல நாட்டை விட்டுப் போகாமல் உள்ளேயே இருந்துவிட்டார். இதுவரை சந்தேகமில்லை.

‘தடை செய்யப்பட்டார்’ என்பது மட்டும் பொருந்தவில்லை. தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். ‘தபெர்னேரா’ மாட்ரிடில் 1940-ல் மேடையேறியது. 1942-ல் பார்சிலோனாவில் ‘ப்ளாக், எல் பயாசோ’, 1943-ல் ‘தோன் மனோலித்தோ’, 1945-ல் ‘லா எத்தெர்னா கான்சியோன்’, 1948-ல் ‘லோஸ் புர்லதோரெஸ்’, 1950-ல் ‘எந்த்ரே செவீயா இ த்ரியானா’ என்று புதிய நாடகங்கள் வந்துகொண்டே இருந்தன. 1955-ல் உலகமெங்கும் ஓடிய ‘மர்செலீனோ பான் இ வீனோ’ படத்துக்கு இசையும் இவர்தான். பூட்டி வைக்கப்பட்ட ஆளுக்கு இத்தனை வேலை கிடைக்காது. அரசுப் பதவிகளின் கதவு அடைத்திருந்தது, டிக்கெட் விற்று நடத்தும் வணிக அரங்கின் கதவு திறந்திருந்தது என்று சொன்னால் உண்மைக்குப் பக்கத்தில் வரும். அந்தக் கதவு வழியாகத்தான் பிழைத்தார்.

இன்னொரு கதை அடிக்கடி சொல்லப்படுவது. மாட்ரிட் ஃபில்ஹார்மோனிக்கின் நடத்துநராக இருந்தபோது சோவியத் இசையமைப்பாளர் ஷோஸ்தகோவிச்சின் ‘லெனின்கிராட்’ சிம்பொனியை வாசிக்க அனுமதி மறுத்தார்கள், அவர் 1952-ல் பதவியைத் தூக்கிப் போட்டுவிட்டார் என்பது. அவர் சுபாவத்துக்கு முழுக்கப் பொருந்துகிற கதைதான். ஆனால் இப்படிப்பட்ட விலகல்களுக்கு ஒரே ஒரு காரணம் இருப்பது அபூர்வம் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 1986-ல் தன் வாழ்க்கை வரலாற்றை அவரே வெளியிட்டார். விறுவிறுப்பான புத்தகம். யாரையும் விட்டுவைக்கவில்லை, சக இசையமைப்பாளர்கள், அரங்க முதலாளிகள் எல்லாருக்கும் பங்கு உண்டு. அதைச் சாட்சியாகப் படிக்கலாம், தீர்ப்பாகப் படிக்கக் கூடாது. மறுக்க முடியாத ஒரு செய்கை வேண்டுமென்றால் இதோ: 1966-ல், ஃபிராங்கோ உயிரோடு ஆட்சியில் இருக்கும்போதே, உள்நாட்டுப் போரில் குண்டுவீச்சில் அழிந்த பாஸ்க் ஊரான கெர்னிகாவுக்காக ஒரு பாஸ்க் இரங்கல் அணிவகுப்பு இசை எழுதி வைத்தார்.

நீங்கள் காத்திருந்த பதிவுகளுக்கு வருகிறேன். தன் நாடகங்களை முழு நீள இசைத்தட்டுகளாகத் தானே நடத்திப் பதிவு செய்யும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. அவருக்கு முந்தைய சார்சுவெலா மேதைகளான பர்பியெரி, சுவெகா, சாபி எல்லாம் நீண்ட இசைத்தட்டு வருவதற்கு வெகு காலம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டவர்கள். 1950-களின் இறுதியிலிருந்து ஹிஸ்பாவோக்ஸ் என்ற ஸ்பானிஷ் நிறுவனத்துக்காக இவர் ‘கத்யூஸ்கா’, ‘தபெர்னேரா’, ‘மனோஹோ’, ‘ப்ளாக்’ என்று வரிசையாகப் பதிவு செய்தார். அந்த நேரத்தில் இளைஞராக இருந்த டெனர் அல்ஃப்ரெதோ கிராவுஸ், பின்னால் பெர்லினில் பெயர் வாங்கிய சொப்ரானோ (உச்சக் குரல் பாடகி) பிலார் லோரெங்கார், பாரிட்டோன் (நடுத்தர ஆண்குரல்) ரெனாத்தோ செசாரி போன்றவர்கள் அவற்றில் பாடியிருக்கிறார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். ஃபிராங்கோ ஆட்சியின் நடுவில், மாட்ரிடில், சோவியத் கமிசார் கதாநாயகனாக வரும் ‘கத்யூஸ்கா’வைத் தட்டாக்கிக் கடையில் விற்றார்கள். தடைக் கதையை நம்புகிறவர்களிடம் நான் எடுத்துக் காட்டுவது இந்தத் தட்டைத்தான்.

‘தபெர்னேரா’வின் அந்தப் பதிவில் லெயாந்த்ரோவாக வருபவர் கிராவுஸ், மரோலாவாக லேதா பார்க்லே, எகியாவாக செசாரி. கிராவுஸ் பாடும் ‘நோ புவேதே செர்’, டொமிங்கோ பாடுவதற்கு நேர் எதிர். டொமிங்கோவின் குரல் கறுத்த, அகன்ற குரல். அவர் பாடும்போது முழு ஆள் இடிந்து விழுவது தெரியும். கிராவுஸ் மெலிந்த வெள்ளிக் கம்பி போன்றவர். அழுத்துவதில்லை, வார்த்தை ஒவ்வொன்றும் தெளிவு, நெஞ்சுக்குள் அடக்கி வைத்த வேதனை. இருபது வயது மீனவனை எனக்குக் கிராவுஸ்தான் காட்டுகிறார். இது ருசி சார்ந்தது, சண்டைக்கு வராதீர்கள். சொரோசாபல் பிடிக்கும் வேகத்தையும் கவனியுங்கள். இன்றைய கச்சேரிகளில் உச்ச ஸ்வரத்துக்கு முன் நிறுத்தி, மூச்சு வாங்கி, கைதட்டலுக்கு இடம் விட்டுப் பாடுவார்கள். அவரோ பாடகரை நிற்கவிடாமல் தள்ளிக்கொண்டு போகிறார்.

ஆனாலும் ஓர் எச்சரிக்கை. இசையமைப்பாளரே நடத்தியது என்பதால் அதுதான் இறுதி வடிவம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தட்டில் வசனம் பெரும்பாலும் இருக்காது. பாட்டு முடிந்ததும் அடுத்த பாட்டு. நாடகத்தில் பாதி காணாமல் போய்விடும். தவிர, பதிவு நடந்தபோது முதல் காட்சி முடிந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டது, அவர் அறுபது வயதுக்காரர். அவரோ எழுதியதைத் திருத்தாமல் விடுகிற ஆள் இல்லை. அடுத்தவர் எழுதியதைக்கூட விடமாட்டார். ஸ்பானிஷ் இசையமைப்பாளர் அல்பேனிஸின் ‘பெபீத்தா ஹிமேனெஸ்’ ஓபராவைத் தன் விருப்பப்படி மாற்றி அமைத்து, முடிவில் நாயகி சாகும்படி செய்து 1964-ல் மேடையேற்றினார். அது எனக்குச் சம்மதம் இல்லை. அல்பேனிஸ் எழுதியது காதல் கைகூடும் கதை, அதைத் துக்கமாக்க இவருக்கு என்ன உரிமை என்றுதான் இன்னும் தோன்றுகிறது. இப்படிப்பட்ட கை, தன் முப்பதுகளின் இசையைத் தொடாமலா விட்டிருக்கும்? ஆகவே அந்தத் தட்டுகளை 1936-ன் நிழற்படம் என்று எண்ணாதீர்கள். அறுபது வயது ஆசிரியர் தன் இளமையைத் திரும்ப வாசித்துக் காட்டுகிறார், அவ்வளவுதான்.

1936-க்கு இன்னும் கிட்டப் போக வேண்டுமானால் மார்கோஸ் ரெதோந்தோவின் பழைய தட்டுகளைத் தேடுங்கள். பார்சிலோனா முதல் காட்சியில் எகியாவாக நடித்த பாரிட்டோன் அவர். சரசரப்பு இருக்கும், துண்டு துண்டாகத்தான் கிடைக்கும், ஆனால் அந்த மேடையில் நின்றவரின் குரல் அது. நவீன ஒலிப்பதிவு வேண்டும் என்றால் 1990-களில் ஓவிதிஸ் நிறுவனம் வெளியிட்ட ‘தபெர்னேரா’ இருக்கிறது. டொமிங்கோ, மரியா பாயோ, ஹுவான் போன்ஸ் பாட, விக்தோர் பாப்லோ பெரெஸ் கலீசியா சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவை நடத்தியிருக்கிறார். ஆர்கெஸ்ட்ராவுக்குள் என்ன நடக்கிறது என்று கேட்க இதுதான் நல்லது, குறிப்பாகப் புயல். டொமிங்கோவுக்கு அப்போது வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, லெயாந்த்ரோவுக்கு அப்பா போல இருக்கிறார். அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ‘மனோஹோ’வைப் பார்க்கவே வேண்டும் என்றால் எமிலியோ சாகி 1990-ல் மாட்ரிட் சார்சுவெலா அரங்குக்காக அமைத்த மேடையாக்கத்தின் காணொளியைத் தேடிப் பிடியுங்கள். பல முறை மறுபடி மேடையேறிய ஆக்கம் அது. தெருவும் பூக்கடையும் கண்ணெதிரே இருந்தால் ஸ்பானிஷ் தெரியாதவருக்கும் நகைச்சுவை பிடிபடும்.

வாங்கும்போது இரண்டு விஷயம். ஹிஸ்பாவோக்ஸ் பிறகு இ.எம்.ஐ. என்ற பெரிய இசைத்தட்டு நிறுவனத்தின் கைக்குப் போனதால் அதே பதிவுகள் வெவ்வேறு அட்டைகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கின்றன. அட்டையில் இருக்கும் ஆண்டு பெரும்பாலும் மறுவெளியீட்டின் ஆண்டு. புதுப் பதிவு என்று நம்பி ஒரே ‘கத்யூஸ்கா’வை மூன்று முறை வாங்கிய முட்டாள் ஒருவனை எனக்கு நன்றாகத் தெரியும், கண்ணாடியில் பார்ப்பேன். இரண்டாவது, அப்பா, மகன் குழப்பம். மகனுடைய பெயரும் பாப்லோ சொரோசாபல்தான். முழுப்பெயரில் தாயின் குடும்பப் பெயர் சேர்ந்து சொரோசாபல் செர்ரானோ என்று வரும். அம்மா என்ரிகேத்தா செர்ரானோ, அப்பாவின் நாடகங்களில் நகைச்சுவை நாயகியாகக் கொடிகட்டிப் பறந்தவர். மகனும் இசையமைப்பாளர். 1958-ல் வந்த ‘லாஸ் தெ காயின்’ அப்பாவும் மகனும் சேர்ந்து செய்தது. மாட்ரிட் மாகாணத்தின் கீதத்துக்கு இசை அமைத்தவர் மகன். இணையத்தில் அதை அப்பா கணக்கில் எழுதி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, அவர் எதைத் தன் மிகப்பெரிய படைப்பாக நினைத்தாரோ அதை அவர் கேட்காமலே போனார். ஹொவாகின் திசெந்தாவின் 1895-ஆம் வருட நாடகத்தை வைத்து எழுதிய ‘ஹுவான் ஹோசே’. கட்டடத் தொழிலாளி ஒருவன், வேலையில்லாப் பசி, அவனோடு வாழும் பெண்ணின் மேல் கண் வைக்கும் மேஸ்திரி, சிறை, கொலை. இதில் சார்சுவெலாவின் சிரிப்பு இல்லை, பேச்சு வசனமும் இல்லை, ஆரம்பம் முதல் கடைசி வரை இசை. 1968-ல் எழுதி முடித்தார். 1979-ல் மாட்ரிடில் மேடையேற்ற ஏற்பாடு நடந்தது, தகராறு வந்தது, அவரே படைப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டார். 2009-ல்தான் சொந்த ஊரான சான் செபாஸ்டியனில் கச்சேரி வடிவில் முதல் முறை ஒலித்தது. நடிப்போடு முழு மேடையாக்கம் 2016-ல், சார்சுவெலா அரங்கில். அவர் நினைத்த அளவுக்கு அது பெரியதா என்று கேட்டால், எனக்கு ‘அதியோஸ் ஆ லா போயேமியா’வின் முக்கால் மணி நேரத்துக்குள் இதைவிட அதிகம் இருக்கிறது. ஆனால் ‘ஹுவான் ஹோசே’யின் கடைசி அங்கம் வேறு ரகம், அதை ஒரே மூச்சில் கேட்க வேண்டும்.

உங்களுக்கு நான் சொல்லும் வரிசை இது. இன்று இரவு கிராவுஸ் இருக்கும் ‘தபெர்னேரா’வை எடுத்து, முதல் அங்கத்திலிருந்து ஆரம்பியுங்கள். நேரே உங்கள் பாட்டுக்குத் தாவாதீர்கள். மேலே நான் சொன்ன கதை கையில் இருந்தால் போதும். மரோலாவின் பாட்டு, எகியா பெண்களைப் பற்றி அலட்டிக்கொள்ளும் பாட்டு, சிம்சன் என்ற குடிகார மாலுமியின் கனத்த பேஸ் (அடிக்குரல்) பாட்டு, ஊரார் வம்பு எல்லாம் வரட்டும். இரண்டாம் அங்கத்தில் லெயாந்த்ரோ வாயைத் திறந்து ‘நோ புவேதே செர்’ என்று கத்தும்போது, அவன் யாரை நம்பவைக்கப் பார்க்கிறான் என்று கவனித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.